பரிபூரணத்தின் பரிசோதனை

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவையாவது என் மனைவி பரிபூரணத்தை மேலேயிருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு முந்நூறு அடி மேலேயிருந்து.

வாய்ப்பு அவள் அண்ணன் ஞானதுரை ரூபத்தில் வந்தது. மச்சான் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். தொண்ணூற்றெட்டு பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து ராஜபாளையம் வந்தபோது, மோட்டார் வைத்த பாராசூட் ஒன்றை வேனில் ஏற்றிவந்தார். அவர் முதுகில் என்ஜின், அதற்குப் பின்னால் ராட்சச ஃபேன், அவருக்கு முன்னால் இன்னொருவர் உட்கார சீட்டு. அந்தச் சீட்டு எனக்கு. சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். நான் பேண்டேஜ் துணி வியாபாரி. கட்டுப்போடச் சொந்தச் சரக்கே இருக்கும்போது தாராளமாகப் பறக்கலாம் என்றார்கள்.

மச்சானிடம் ஒரு கெட்ட பழக்கம். கயிறு, பெல்ட், பெட்ரோல் எல்லாவற்றையும் சோதிக்காமல் கிளம்பமாட்டார். அவர் பார்த்ததை இன்னொருவரும் பார்க்க வேண்டும். அந்த ஆள் வேண்டாமென்றால் அன்றைக்குப் பறப்பது கிடையாது, வாதாடவும் கூடாது. அந்த வேலைக்குத் தன் தங்கையையே போட்டார். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் அவள்.

முதல் நாள் காலை, வன்னியம்பட்டித் தரிசில் கயிறுகளை விரித்தோம். ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தாள். அதை அவிழ்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெயில் ஏறினால் மேலே காற்று குலுக்கும் என்று மச்சான் மூட்டை கட்டினார். மறுநாள் பெட்ரோல் மூடி கசிகிறது என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாஷர் வாங்கி வந்தேன். மறுபடியும் வெயில்.

மூன்றாம் நாள் மத்தியானம் மச்சானுக்கு ஊருக்குப் போயாக வேண்டும். இன்று விட்டால் பஜாரில் தலைகாட்ட முடியாது. அதனால் முந்தின ராத்திரியே ஒவ்வொரு கயிறாக உருவி, ஒவ்வொரு திருகாக முறுக்கிப் பார்த்துவிட்டேன். பரிபூரணமே ஃபிளாஸ்க் நிறைய காபி போட்டு வைத்தாள். உருகிப்போனேன்.

காலையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எல்லாம் அம்புட்டு சுத்தமா இருக்கே. எப்பங்க பாத்தீய?"

"ராத்திரி பூரா கண்ணு முழிச்சுல்லா பாத்தேன்."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மெஷின் சரியா இருக்கு. ஆளுதான் சரியில்ல. அவிய தூங்கவே இல்லையாம்."

சும்மா உட்கார்ந்துதானே வரப்போகிறேன் என்று கெஞ்சினேன். கிளம்பும்போதும் இறங்கும்போதும் இரண்டு பேரும் சேர்ந்து ஓட வேண்டும், தூங்காதவன் கால் மடங்கினால் இரண்டு பேருக்கும் எலும்பு மிஞ்சாது என்றார் மச்சான். என் உயிர்மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பரிபூரணம் சுடிதாரில் நிற்கிறாள். காலில் கேன்வாஸ் ஷூ.

"நான் நேத்து எட்டு மணிக்கே படுத்துட்டேன் அண்ணே" என்றபடி போய் சீட்டில் பெல்ட்டை மாட்டினாள்.

எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. இப்போது சோதிக்க வேண்டிய அந்த இன்னொருவர் நான்தானே? நான் வேண்டாமென்றால் யாரும் வாதாடக் கூடாதே? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வேண்டாம்" என்றேன்.

"தூங்காதவரு சொல்றது செல்லாது மாப்பிள்ளை" என்றார் மச்சான். "காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு தெரியணும். இந்த ரிப்பனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்கன நில்லுங்க. அதுக்குத் தூக்கம் தேவையில்ல."

நின்றேன்.