டேபிள் சார் அழித்த அப்பா

பெங்களூரில் இருக்கிற கிறுக்கர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தினால், எங்கள் டேபிள் சார் முதலில் வரிசையைச் சரிசெய்துவிட்டுத்தான் நிற்பார்.

பொம்மசந்திராவில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையின் டேட்டாபேஸ் அவர் கையில்; எதையும் டேபிள் டேபிளாகப் பிரிப்பதால் அந்தப் பட்டப்பெயர். "ஒரு ஆளுக்கு ஒரு வரி. அட்ரஸ் ஒரு டேபிள், லீவு ஒரு டேபிள். நம்பரை வெச்சு ஜாயின் பண்ணிக்கலாம்" என்று கேட்காதவர்களுக்கும் பாடம் எடுப்பார். சாப்பாட்டிலும் அதே கூத்துதான். சாதத்தைத் தனியாகத் தின்பார், பிறகு சாம்பாரைத் தனியாகக் குடிப்பார். "பிசைஞ்சு சாப்பிடுங்க சார்" என்றால், "வயித்துல ஜாயின் ஆயிடும்" என்பார். இந்த மேதாவியிடம்தான் எங்கள் எல்லோருடைய தலையெழுத்தும் இருந்தது.

அவருக்கு ஆகவே ஆகாத ஜந்து டூப்ளிகேட். ஒரே ஆள் இரண்டு வரியில் இருந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அப்பாவும் நானும் அங்கேதான் வேலை. தாத்தா பெயர் முருகன். வழக்கப்படி அதையே எனக்கு வைத்தார்கள். அப்பா மு. செல்வம், நான் செ. முருகன். கம்ப்யூட்டருக்கு இனிஷியல் போதாதாம். அதனால் அப்பா அதில் "செல்வம் முருகன்", நான் "முருகன் செல்வம்".

ஒரு நாள் காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி கவுன்டரில் இன்சூரன்ஸ் கார்டைப் பார்த்த பெண், "சார், இந்தப் பேர்ல யாருமே இல்லையே" என்றாள். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கம்பெனி இன்சூரன்ஸ் லிஸ்ட் டேபிள் சாரின் டேட்டாபேஸிலிருந்துதான் போகும். அவருக்குப் போன் போட்டேன்.

"சார், எங்கப்பா எங்க?"

"செல்வம் முருகனா? அது நீங்கதானே! யாரோ பேரைத் திருப்பிப் போட்டிருந்தாங்க, டெலிட் பண்ணிட்டேன்."

"யோவ், பொறந்த தேதி வேறயா இருந்துச்சேய்யா!"

"டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சேன். சும்மா சும்னே கத்தாதீங்க, இதோ வர்றேன்."

லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி ஓடிவந்தார். கவுன்டர் முன்னால் தரையிலேயே சம்மணம் போட்டு, பேக்கப்பில் கிடந்த அப்பாவைத் தேடி எடுத்துப் பழைய இடத்தில் போட்டார். கார்டு வேலை செய்தது. அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் நான் வளர்ந்த ஸ்ரீராம்புரம் தெருக்களில் கற்ற வசவு ஒன்று பாக்கியில்லாமல் அவரைத் திட்டித் தீர்த்தேன். மனுஷன் இடத்தைவிட்டு நகரவில்லை.

சாயங்காலம் அப்பா கண் விழித்தார். டேபிள் சார் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். விரலை நீட்டி முதலில் அப்பாவை, பிறகு என்னைக் காட்டினார்.

"ஒண்ணு... ரெண்டு. ரெண்டு பேரும் இருக்கீங்க" என்றார்.

அந்தக் கிறுக்கனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.