ஈரம் அளக்கிற கருவி

"உங்கள் கூடத்தில் ஒரு ஆள் இருக்கிறார்" என்று போன் அறிவித்தபோது கெர்பென் டோல்ஸ்மாவின் வாயில் பாதி சீஸ் ரொட்டி இருந்தது.

வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. அவர் அலுவலகத்தில் இருந்தார். மனைவி அன்னமீக் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். வீட்டில் ஆள் இருக்க வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் கேமரா வைத்திருந்தார். தெருக்கோடி வீட்டில் யாரோ பின்கதவை நெம்பி ரெண்டு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கேட்டதும் ஓடிப்போய் வாங்கி, புத்தக அலமாரி மேல் உட்காரவைத்து, அப்போது கையில் இருந்த பழைய போனில் இணைத்தார். மறுநாள் புதுப் போன் வந்தது, அதிலும் இணைத்துக்கொண்டார். கெட்டிக்காரக் கேமரா அது. பார்த்ததைப் பதிந்து வைத்து, கேட்டால் போனில் திரும்பவும் காட்டும். போன் வீட்டுக்குள் இருந்தால் வாயை மூடிக்கொள்ளும். போன் வெளியே போய்விட்டால், வீட்டில் யார் நடமாடினாலும் உடனே சொல்லிவிடும்.

நாலாம் நாளே திருடன். பயம் வருவதற்கு முன்னால், வாங்கினது வீண்போகலை என்று ஒரு திருப்திதான் கெர்பெனுக்கு வந்தது. அந்த மாதிரி மனுஷன் அவர்.

திறந்து பார்த்தார். திருடன் சோஃபா மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். நல்லா பார்த்தால், இவோனில்டே.

ஆறு வருஷமாக வியாழன்தோறும் வீட்டைச் சுத்தம் செய்ய வருகிற அம்மா. கேப் வெர்டே தீவிலிருந்து சின்ன வயசில் ராட்டர்டாம் வந்தவர். கேமரா வாங்கும்போது திருடன், மழை, பக்கத்து வீட்டுப் பூனை என்று எல்லாவற்றையும் யோசித்த கெர்பெனுக்கு, சொந்தச் சாவி போட்டுத் திறந்து வருகிற இந்தம்மா ஞாபகமே வரவில்லை.

இவோனில்டே பாடிக்கொண்டே தூசி தட்டினார். அப்புறம் தன் போனை எடுத்து மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார்.

கெர்பென் பதினோரு நிமிஷம் பார்த்தார். தனியாக இருக்கிறோம் என்று நம்பிப் பாடுகிற ஒருத்தரை இப்படிப் பார்ப்பது, அடுத்தவர் கைப்பையைத் திறந்து துழாவுகிற மாதிரி இருந்தது. அது தெரிந்தும் மூட முடியவில்லை. மீதி ரொட்டி அப்படியே மேஜையில் கிடந்தது.

சாயங்காலம் அன்னமீக் கேட்டார். "கேமரா இருக்குன்னு இவோனில்டேகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லாம இருப்பேனா?" என்றார் கெர்பென். அது பொய்யில்லை, கேள்விதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இவோனில்டேவை இழக்க அந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. தெருவில் மூணு வீடு அவருக்காகக் காத்துக்கிடந்தது. அந்த ஊர் வழக்கப்படி கழிப்பறைக் கதவில் தொங்குகிற பிறந்தநாள் காலண்டரில், கெர்பெனின் சொந்தத் தம்பி பெயர் இருக்காது, இவோனில்டே பெயர் இருக்கும். கேமரா விஷயம் தெரிந்து அந்தம்மா சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனால், அன்னமீக் முகத்தில் எப்படி முழிப்பது?

அடுத்த வியாழன் சொல்லிவிடுவதென்றே அலுவலகத்துக்குத் தாமதமாகக் கிளம்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவோனில்டே அலமாரியைக் காட்டி, "சார், இது என்ன புதுசா?" என்று கேட்டுவிட்டார்.

கெர்பென் முப்பது வருஷமாகக் கால்வாய்த் தண்ணீர் மட்டம் பார்க்கிற அலுவலகத்தில் இருக்கிறவர். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது உத்தியோகம்.

"அது வந்து... ஈரம் அளக்கிற கருவி."

"வீட்டுக்குள்ளயுமா அளக்கறீங்க?" என்றார் இவோனில்டே. குரலில் இரக்கம் இருந்தது.

அந்தப் பொய்க்குக் கூலி உடனே கிடைத்தது. யாராவது பார்க்கும்போது அந்தக் கருவியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து கெர்பென் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் விளக்கு எரிய, "ஈரம் ஏறிப்போச்சு" என்று இவோனில்டே எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தார். மார்ச் மாசம், அங்கே இன்னும் குளிர் விடவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் கூடம் ஐஸ் கொட்டின மீன் கடை மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. அன்னமீக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்தினார்.

சரி, சட்டப்படியாவது நடந்துகொள்வோம் என்று, பெட்டியோடு வந்த 'இங்கே கேமரா உள்ளது' ஸ்டிக்கரை ஜன்னல் மூலையில் ஒட்டினார். பெருசா ஒட்ட தைரியமில்லை, செடி மறைவில் ஒட்டினார். வியாழன் பகல் போனில் பார்த்தால், இவோனில்டே செடியை நகர்த்தி, கண்ணாடியில் என்னமோ அழுக்கு என்று அதைச் சுரண்டி எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டிருந்தார்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் கெர்பென் ஒரு நல்ல காரியம் செய்தார். இழுப்பறையில் சும்மா கிடந்த பழைய போனை எடுத்து, படங்களையும் கடிதங்களையும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்து, ஒரு பெட்டியில் போட்டு இவோனில்டேவிடம் கொடுத்தார்.

அந்தம்மா சந்தோஷப்பட்டார். அப்புறம், "என் போன் உடைஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லார் போனும் உடைஞ்சுதான இருக்கு" என்று சொல்லிவிட்டு கெர்பென் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். தலைக்கவசத்தை மறந்துவிட்டார். அவரிடம் தலைக்கவசமே கிடையாது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

இங்கே கெர்பெனின் இன்னொரு ரகசியத்தையும் சொல்லியாக வேண்டும். சுத்தம் செய்கிறவர் வருவதற்கு முந்தின நாள் அவர் வீட்டைச் சுத்தம் செய்துவிடுவார். நம்ம அழுக்கை வேறொருத்தர் பார்ப்பதா என்று கூச்சம். "அப்புறம் அவங்க எதுக்கு வராங்க?" என்று அன்னமீக் போன வருஷமே கண்டிப்பாகத் தடை போட்டிருந்தார். அதனால் புதன்கிழமை ஏழு மணிக்கு அன்னமீக் பாட்டுக் குழுவுக்குக் கிளம்பினதும் கெர்பென் களத்தில் இறங்குவார். மனைவியின் பூப்போட்ட ஏப்ரன், அரை டவுசர். ரெண்டு காலுக்கும் அடியில் ஈரத்துணி. வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் உறைந்த கால்வாயில் சறுக்குப் பந்தயம் ஓடி வளர்ந்த உடம்பு. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, தரையைவிட்டுக் கண் எடுக்காமல், மரத்தரையில் சறுக்கிச் சறுக்கித் துடைப்பார். கூடவே வானொலி வர்ணனையும் அவரே. "டோல்ஸ்மா திரும்புகிறார், ஐம்பத்தேழு வயசு என்று யார் சொல்லுவார்கள், இதோ சோஃபா வளைவு, கடைசிச் சுற்று மணி அடிக்கிறது." மணிக்குக் கரண்டியால் குளிர்பெட்டியில் ஒரு தட்டு.

கேமரா வந்த பிறகு மனசு உறுத்தி, இந்தத் துடைப்பு இன்னும் கூடிவிட்டது. அந்தம்மாவுக்கு வேலை குறையட்டும் என்று ஜன்னல், அடுப்பு, மாடிப்படி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். "இவோனில்டே கை பட்டா வீடே மினுங்குது" என்றார் அன்னமீக். கெர்பென் ஆமா ஆமா என்றார்.

ஆனால் வியாழக்கிழமைகளில் போனில் தெரிந்த காட்சி மாறிக்கொண்டே வந்தது. இவோனில்டே வருவார், கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார், காபி போட்டுக்கொண்டு கெர்பெனின் நாற்காலியில் காலை நீட்டி உட்காருவார். புதுசாகக் கிடைத்த போனை முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டு எதையோ பார்த்துச் சிரிப்பார். சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கெர்பெனுக்கு வயிறு எரிந்தது. போன் கொடுத்ததே தப்பு என்று தோன்றியது. கேட்கவும் முடியாது, கேட்டால் உனக்கெப்படித் தெரியும் என்று வரும். மூணாவது வாரம் அந்த எரிச்சலும் போய், அப்படி என்ன நிகழ்ச்சி அது, பெயர் தெரிந்தால் நாமும் பார்க்கலாமே என்ற ஏக்கம்தான் மிச்சம் இருந்தது.

அந்த வாரம்தான் அலுவலக உணவுக்கூடத்தில் அவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது மார்லூஸ் பின்னால் வந்து நின்றார். அடுத்தவர் விவரங்களை அலுவலகம் ஒழுங்காகக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதுதான் மார்லூஸின் வேலை. கெர்பென் படத்தை மூடுகிற அவசரத்தில் கண்ட இடத்தில் விரலை வைத்தார். அது கேமரா வழியாக வீட்டில் இருப்பவரோடு பேசுகிற பொத்தான்.

"நீங்க பாக்கறது அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று மார்லூஸ் கேட்டது, கெர்பெனின் கூடத்தில் கணீரென்று ஒலித்தது.

இவோனில்டே சிரிப்பை நிறுத்தினார். நிமிர்ந்து நேராக ஈரம் அளக்கிற கருவியைப் பார்த்தார். எழுந்தார். சமையல் அறைக்குப் போய்த் தேநீர்க் கூஜாவின் பின்னல் உறையை எடுத்துக்கொண்டு வந்தார். படம் இருட்டாகிவிட்டது.

சாயங்காலம் செய்தி வந்தது. அடுத்த வியாழன் சார் வீட்டில் இருந்தால் நல்லது, ஒரு விஷயம் பேசணும், அக்கா சுல்மீராவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று. அக்காவுக்குக் கோர்ட்டில் வேலை என்று இவோனில்டே எப்பவோ சொன்னது கெர்பெனுக்கு ஞாபகம் வந்தது. அங்கே என்ன வேலை என்று இவர் கேட்டதில்லை.

அன்னமீக்கிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அன்னமீக் கத்தவில்லை. கூஜா உறையைக் கேமராவிலிருந்து எடுத்துத் திரும்பக் கூஜாவுக்கே போட்டார். "அவங்க போயிட்டாங்கன்னா இனிமே எல்லா வியாழனும் நீதான்" என்று மட்டும் சொன்னார். மார்லூஸ் சொன்ன யோசனை, மன்னிப்புக் கேளுங்க, எழுதிக் கொடுங்க, கேமராவை அந்தம்மா கண் முன்னாடியே பிடுங்குங்க என்று. கெர்பென் மூணு பக்கம் எழுதினார். புதன்கிழமை மனசு ஆறாமல், பாத்ரூம் வரைக்கும் சறுக்கினார். வர்ணனை கூட அன்றைக்குச் சோகமாகத்தான் இருந்தது. "டோல்ஸ்மாவின் கடைசிப் பந்தயமாக இருக்கலாம்."

வியாழன் காலை அக்காவும் தங்கச்சியும் வந்தார்கள். கெர்பென் காபி ஊற்றினார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். ஐம்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக டப்பாவைத் திறந்தபடியே மேஜையில் விட்டார். நிலைமை அவ்வளவு மோசம்.

மூணு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். அது ஈரம் அளக்கிற கருவி இல்லை, ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களைப் பார்த்தேன், பாடுவதையும் பார்த்தேன், அது உங்களுடைய நேரம், எனக்கு அதில் உரிமை இல்லை. குரல் ரெண்டு இடத்தில் உடைந்தது.

நிமிர்ந்து பார்த்தால் இவோனில்டேயின் முகம் சிவந்திருந்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார்" என்றார் மெதுவாக. "கையில இருந்தா யாருக்குத்தான் பாக்கத் தோணாது."

எவ்வளவு பெரிய மனசு என்று கெர்பெனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவோனில்டே அவசர அவசரமாகப் பேச்சை மாற்றினார். அவர் பேச வந்தது வேறு. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அஞ்சு வாரம் தீவுக்குப் போகிறார், அதுவரை அக்கா வருவார், அறிமுகம் செய்துவைக்கத்தான் கூட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்கும் கோர்ட்டில் சுத்தம் செய்கிற வேலைதான்.

போகப்போவதில்லை. அஞ்சு வாரம், அவ்வளவுதான். கெர்பென் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினார்.

சுல்மீரா கெஞ்சலுக்குக் காத்திருக்கவில்லை, மூணாவதில் இருந்தார். பார்த்துப் பழகின வீடு மாதிரி எழுந்து போய், யாரையும் கேட்காமல் சரியான கதவைத் திறந்து துணி எடுத்து வந்து மேஜைத் தூளைத் துடைத்தார். சோஃபா பக்கம் வரும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, ஒரு காலை லேசாகச் சறுக்கிப் பார்த்தார். இவோனில்டே இருமினார்.

கெர்பென் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அலமாரிக்குப் போய்க் கேமராவின் ஒயரைப் பிடித்தார்.

"வேண்டாம் சார், இருக்கட்டும்" என்று இவோனில்டே பதறி எழுந்தார். "திருட்டு பயம் இருக்கில்ல?"

"இல்ல, இவோனில்டே. இந்த வீட்ல இனிமே யாரும் யாரையும் ஒளிஞ்சு பாக்கக் கூடாது" என்றார் கெர்பென். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இவோனில்டே முழங்கையால் இடித்தும் சுல்மீராவால் அடக்க முடியவில்லை.

"அதைப் பிடுங்கிட்டீங்கன்னா, புதன்கிழமை ஏழு மணிக்கு எங்க வீட்ல பதினோரு பேரும் அந்தப் போன்ல எதைப் பாக்கறது சார்?"