கமிஷனா? ஓனரம்மா தருவாங்க!

எங்கள் ஒரகடம் பக்கத்தில் கம்பெனிகள் பெருகப் பெருக ஒரு தினுசு மனிதரும் பெருகிவிட்டார். வீடு வாங்குவார், வீட்டைக் காட்டியவரை மறந்துவிடுவார். ஆண்டவன் படைப்பில் அவருக்கும் இடமுண்டு, நான் குறை சொல்லவில்லை.

இவரைக் கண்டுபிடிப்பது எப்படி? புரோக்கர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, தண்டலம், பென்னலூர், மறைமலை நகர் என்று வெயிலில் சுற்றி, வழியில் இளநீர் குடித்து, அதற்கும் புரோக்கரையே காசு கொடுக்கவிட்டு, வாஸ்து சரியில்லை, தண்ணீர் உப்பு, பக்கத்து வீட்டு நாய் முறைக்கிறது என்று ஒவ்வொரு வீடாகத் தள்ளிக்கொண்டே வருவார். அதுவரை வாய்க்கு வாய் 'அண்ணே'. வீடு பிடித்துவிட்டதா? உறவு முடிந்தது.

சூப்பர்வைசர் சிவசங்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பென்னலூரில் ராஜம்மாவின் வீட்டைக் காட்டிய புரோக்கர் தணிகாசலம், ஐம்பது லட்சத்தை நாற்பத்தாறுக்குப் பேசி இறக்கியும் கொடுத்தார்.

"சார், நம்ம கமிஷன் ஒரு பர்சன்ட்..."

"இன்னாண்ணே அவசரம்? அத்த ஓனரம்மா தருவாங்க. வாங்கறவன் எதுக்குத் தரணும்?"

வாங்குகிறவரும் விற்கிறவரும் ஆளுக்கொரு பர்சன்ட் தருவது இங்கே வழக்கம். அது இவருக்குத் தெரியாதா? புரோக்கர் இல்லாமல் காரியம் முடிந்தால் வெள்ளி வேல் சாத்துவதாக வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். முருகன் பாவம், என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமை மனைவி பிரவீனாவோடு, தட்டில் பூவும் பழமும் அட்வான்ஸுமாக, நேரே ராஜம்மா வீட்டுக்கே போய்விட்டார்.

"தணிகாசலம் எங்க தம்பி?"

"அவருக்கு ஒடம்பு சரியில்லம்மா. நாமளே முடிச்சிக்கலாம். ஒங்களுக்கும் கமிஷன் மிச்சம்."

"அப்டியா? சரி, அம்பதக் குடு."

"நாப்பத்தாறுன்னு சொன்னீங்களே!"

"அத்த அவராண்ட சொன்னேன், ஒன்னாண்டயா சொன்னேன்? பேசனவரு வரட்டும்."

தெருவுக்கு வந்ததும் பிரவீனா ஆரம்பித்தார். "நாப்பத்தாறாயிரம் மிச்சம் புடிக்கப் போயி நாலு லட்சம் ஏத்திக்கினு வர்றியே, நல்லா கீதுய்யா ஒன் சாமர்த்தியம்!"

சிவசங்கர் டீக்கடை ஓரமாக நின்று போன் போட்டார். "அண்ணே! சாப்ட்டீங்களா?"

"ஆச்சு சார். ராஜம்மா இப்பதான் போன் பண்ணி, ஒடம்பு எப்டி கீதுன்னு கேட்டாங்க."

சிவசங்கர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கமிஷன் அவங்க தருவாங்கன்னீங்க இல்ல? ரெண்டு பங்கும் அவங்களே தர்றாங்களாம். இனிமே நான் அவங்க ஆளு சார். நாப்பத்தெட்டுக்குக் கீழ எறக்க மனசு வரல."

நாற்பத்தெட்டுக்குத்தான் முடிந்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, முகத்திலேயே தெரிகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வீடு காட்டியவரின் நம்பரைப் போனில் எந்தப் பெயரில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? 'எடுக்காதே' என்றா?