பாடகர் வராத இசைத்தட்டு

கண்டி,
12.08.2007.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய விவேகானந்தன் அத்தானுக்கு,

கனடா ஸ்கார்பரோவில் நீங்களும் பத்மா அக்காவும் சுகமாயிருக்க எங்கள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, என் வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்: போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பொலிஸ் சார்ஜனுக்கு முன்னால் நான் ஆடினேன். வயது ஐம்பத்துநாலு, உத்தியோகம் ஒபிஸில் பிரதம லிகிதர், வருத்தம் சலரோகம், அதுதான் சீனி. வீட்டுக்காரி சரோ இன்னும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வருகிறதாம்.

மகள் இராஜகுமாரி பொறியியல் படிக்கவென்று நீங்கள் அனுப்பிய கம்பியூட்டரில் ஒன்றரை வருடமாக என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். அவளும் கெலிஓயாவிலிருந்து வரும் சிநேகிதி றம்ஸியாவும் சேர்ந்து, 'இரட்டைக் குடை' என்று தங்களுக்குப் பெயர் வைத்து, முதல் இசைத்தட்டைச் செய்திருக்கிறார்கள். புரோகிரசிவ் டிரான்ஸ் என்று ஒரு வகையாம், முழுக்கக் கம்பியூட்டர் சங்கீதம். தவில் இல்லை, வயலின் இல்லை, ஆளே இல்லை. ஒரு பாட்டு ஒன்பது நிமிடம். நான் கதிரையை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "பிள்ளை, பாடுறவர் எப்ப வருவார்?" என்றேன். "ஒருத்தரும் வரமாட்டினம் அப்பா, இது இப்பதான் ஏறுது." "எங்கை ஏறுது?" "பொறுங்க அங்கிள், ஹந்தானை மலைக்கு பஸ் ஏறுற மாதிரி நெனைச்சுக்கோங்க, வளைவு வளைவாத்தான் தெரியும்" என்றது றம்ஸியா. பஸ் என்றாலே எனக்குத் தலைசுற்று.

இதை வெளியிட ஒல்லாந்தில் ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னது. அந்தக் கிழமை செவ்வாய் பார்த்து வாசலில் பொலிஸ் ஜீப்! எங்கள் வீட்டில் ஓயாமல் டும் டும் என்று சத்தமென்று மாநகர சபைக்குப் போன ஒரு பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் பொலிசுக்குக் கைமாறியிருக்கிறது. இந்த யுத்த காலத்தில் தமிழ் வீட்டில் டும் என்றால் வேறு கருத்தல்லவா? எழுதினது ஆர், கீழ்வீட்டு வீரசிங்கம் மாஸ்டரைத் தவிர? ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பொழுதுபோக்கு வேறென்ன? அந்த நிமிடமே அவரோடு கதையை நிறுத்தினேன்.

வயர்களைக் கண்ட சார்ஜன் கம்பியூட்டரை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். "பாட்டுக்கு வேறை கொப்பி இல்லை சேர்!" என்று இராஜகுமாரி மேசையைக் கட்டிப்பிடித்தாள். ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுக் கொண்டுபோகும்படி றம்ஸியா தேன் சிங்களத்தில் கேட்டது. சார்ஜன் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார். நாலாம் நிமிடம், "சிங்கர் எங்க மாத்தயா?" என்று என்னைச் சிங்களத்தில் ஐயா போட்டுக் கேட்டார். நானோ பெரிய வித்துவானாக, "இது இப்பதான் ஏறுது சார்ஜன்" என்றேன். ஆறாம் நிமிடம் எல்லாச் சத்தமும் நின்றது. மூச்சுக்கூட இல்லை. பிறகு விழுந்தது பாருங்கோ ஒரு டும் அடி, கூட வந்த கொன்ஸ்டபிள் பாய்ந்து அலுமாரிக்குப் பின்னால்! சார்ஜனின் சப்பாத்துக் கால் தாளம் போட்டது, என் கால் என்னைக் கேளாமலே எழும்பிவிட்டது, சரோ வாயைப் பொத்தினாள், சார்ஜனும் இருந்த இருப்பில் தோளை ஆட்டினார். முடிந்ததும், "ஆயெத் தான்ன" என்றார். இன்னொரு தரம் போடட்டுமாம். கம்பியூட்டர் மேசையை விட்டு அசையவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இன்டர்நெட் கடையில் ஆறு மணித்தியாலம் இருந்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் வெளிவருகிறது அத்தான்! அக்காவை முதல் ஆறு நிமிடம் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள்.

மருமக்களுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
கால்நோவுடன் மைத்துனன்,
தேவராசா.

பி.கு.: வீரசிங்கம் மாஸ்டரோடு திரும்பக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். படியிறங்கும்போது சார்ஜன் என் தோளில் கைபோட்டு, "மாத்தயா, இனி பெட்டிசம் எழுதினா ஒங்கட ஒபிஸ் கடதாசியில எழுத வேணாம்" என்று காதுக்குள் சொன்னார். நான் மாநகர சபைக்குத்தான் எழுதினேன் அத்தான், பொலிசுக்கு இல்லை.