விசாரணைக் கமிஷனும் கண் திறக்காத கம்ப்யூட்டரும்

பழுதான பொருளை விரலால்கூடத் தொடாமல், அதற்காக நாள் முழுக்க வியர்க்க விறுவிறுக்க உழைக்கத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர், அரியலூரில் நான் கணக்கு எழுதிய லாரி ஆபீஸின் மேனேஜர். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அவர் ‘விசாரணைக் கமிஷன்’. ஃபேன் சுற்றவில்லை என்றால் நீங்களும் நானும் சுவிட்சைப் பார்ப்போம். கமிஷன் அந்த ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டே, “கடைசியா இதைப் போட்டது யாரு?” என்பார். அதோடு ஆபீஸ் வேலை நின்றுவிடும். ஒவ்வொருவராகப் போய் எதிரே நிற்க வேண்டும். எப்போது வந்தாய், வரும்போது யார் இருந்தார்கள், அந்த நேரத்தில் ஃபேன் எந்த மாதிரி சத்தம் போட்டது, அது சந்தோஷச் சத்தமா, சலிப்புச் சத்தமா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும்.

ஆனால் ஒரு வரி எழுதிக்கொள்ள மாட்டார். “எழுதினா அது ஆதாரமாயிரும் தம்பி. அப்புறம் அதை வெச்சி ஏதாவது நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்” என்பார். அரசாங்கத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். ரயிலே போகாத பெரம்பலூரில் பிறந்ததால், பஸ்ஸைப் பிடித்து எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார்.

ஒருமுறை முதலாளியின் மேஜையிலிருந்த மிக்சர் பொட்டலம் காணாமல் போனது. டிரைவர்களில் பாதிப் பேரின் மீசையில் ஓமப்பொடி ஒட்டியிருந்ததை ஆபீஸே பார்த்தது. கமிஷன் எல்லோரையும் நிற்க வைத்து, நாள்கணக்கில் விசாரித்து, கடைசியில் எலி என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புக்கு வலு சேர்க்க எலிப்பொறி ஒன்றும் வாங்கி வைத்தார். மறுநாள் நிஜமாகவே ஒரு எலி வந்து மாட்டிக்கொண்டது. அதன் முகத்தைப் பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. கமிஷன் அதைப் பின்பக்கக் கருவேலம் புதரில் விட்டுவிட்டு வந்து, “முதல் தடவைங்கிறதால எச்சரிச்சி விட்டுட்டேன்” என்றார்.

இந்த விசாரணைகளில் ஒருவருக்கும் வேலை போனதில்லை. அதை நாங்கள் அவருடைய திறமைக் குறைவு என்று வைத்துக்கொண்டு, டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எங்கள் முதலாளி அப்படியில்லை. கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டார். ‘நாளையிலேர்ந்து வராத’ என்பதை மற்றவர்கள் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்கிற மாதிரி வாய் நிறையச் சொல்வார். பிறகு வருத்தப்படுவார் என்றாலும் சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டார், கௌரவம் தடுத்துவிடும். கமிஷன் மச்சினன் கல்யாணத்துக்கு லீவு போட்ட அன்று வாசல் டியூப்லைட் உடைந்தது. யார் உடைத்தது என்று முதலாளி கேட்டார். கிளீனர் ஒருவர் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். டீ ஆறுவதற்குள் அந்த ஆள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

இப்போது கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஆபீஸுக்குள்ளும் அமர்க்களமாகப் பூஜை போட்டோம். பீரோ, கால்குலேட்டர், ஸ்டேப்ளர், தண்ணீர்க் கேன் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தது செல்வி. பில் போடுவதற்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். மீன்சுருட்டியிலிருந்து வந்து, அரியலூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த அவள் அப்பா இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில்தான்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. வெளியே சிமெண்ட் ஏற்றிய லாரிகள் பில்லுக்காக உறுமிக்கொண்டு நின்றன. முதலாளி வந்தார்.

“எவன்யா இதுல கை வெச்சது? முந்தாநாளு வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சி? சாயங்காலத்துக்குள்ள ஆளு யாருன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சிதுன்னா அந்த ஆளு நாளைக்கு இங்க இருக்கக் கூடாது!”

“விசாரிச்சிருவோம்ங்க முதலாளி” என்று எழுந்தார் கமிஷன். கல்யாண வீட்டில் தாலி எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்ட மாதிரி முகத்தில் அப்படி ஒரு களை.

முதல் வேலையாக என்னைப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு விரட்டினார். “அங்க உக்காந்து பில்லப் போட்டு வண்டிய அனுப்பிட்டு வாங்க தம்பி. உங்க வாக்குமூலத்த அப்புறம் வெச்சிக்கலாம்” என்றார். நான் எல்லா லாரிகளையும் கிளப்பிவிட்டுத் திரும்பியபோது விசாரணை சூடுபிடித்திருந்தது. சிபியு பெட்டியின் முன்னால் தன் சாப்பாட்டுப் பையை நிறுத்தி வைத்து, “சீல் வெச்சாச்சி, யாரும் கிட்ட வராதீங்க” என்று அறிவித்திருந்தார். முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

செல்வி என்னை பீரோவின் மறைவுக்குக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நாந்தாண்ணே. நெத்தி மாதிரி இருக்கேன்னு அந்த பவர் பட்டன்லயே சந்தனத்த அப்பி, அழுத்தி வெச்சிட்டேன். ராத்திரியில காஞ்சி, பட்டன் உள்ளயே ஒட்டிக்கிச்சி போலருக்கு. போயி சொல்லிரட்டாண்ணே?”

பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால், யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் அந்த மிஷின் நினைத்துக்கொள்ளும். குண்டூசியால் சுரண்டினால் சரியாகிவிடும். ஆனால் முதலாளியின் கண் எதிரே போய் யார் சுரண்டுவது? இவளாகப் போய் ஒப்புக்கொண்டால் அந்தக் கிளீனரின் கதிதான். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கமிஷன் விடுவதாகத் தெரியவில்லை. பூஜைத் தட்டு யார் யார் கைக்குப் போனது என்பதுவரை தோண்டிவிட்டார். நீ வாயைத் திறக்காதே என்று அவளிடம் சொல்லி முடிப்பதற்குள் கமிஷன் குரல் கொடுத்தார்.

“ஏம்மா செல்வி, முன்னால வா. நேத்து பொரி தின்னியா?”

“தின்னேன் சார்.”

“கடலை?”

“தின்னேன் சார். சார், நான் ஒண்ணு சொல்லணும். அந்தச் சந்தனம்...”

“கேட்ட கேள்விக்கு மட்டுந்தான் பதிலு! பொரியில சக்கரை போட்டிருந்துதா, வெல்லமா?”

“வெல்லம் சார்.”

“போயி உக்காரு. அடுத்த சாட்சி வாங்க!”

மத்தியானத்துக்கு முன்னால் மெக்கானிக் பாய் வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருஷம் கம்ப்யூட்டர்களோடு குடித்தனம் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். சாப்பாட்டுப் பையை நகர்த்திவிட்டுக் குனிந்தவர், குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

“யா அல்லா! இது ஒண்ணுமில்லையே அண்ணே, இந்த பட்...”

“பாய், மொதல்ல வாங்க, டீ குடிப்போம்” என்று கமிஷன் அவர் தோளில் கை போட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

டீ குடித்துவிட்டுத் திரும்பிய பாய் வேறு ஆளாக இருந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி செய்தித்தாளில் பரப்பினார். ராம் என்கிற மெமரிப் பட்டையை எடுத்து அழிரப்பரால் தேய்த்தார். பவர் சப்ளையைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். கமிஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானும் எந்த நாட்டில் செய்தது, அங்கே மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனார். வந்தார். ஏப்பம் விட்டார். நாற்காலியில் சாய்ந்தபடியே நன்றாக ஒரு தூக்கம் போட்டார்.

சாயங்காலம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கம்ப்யூட்டர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பட்டனில் பொட்டு இருந்த சுவடே இல்லை. விசாரணைதான் முடியவில்லை.

“என்னய்யா, இன்னுமா?”

“தண்ணிக் கேன் போடுறவரு பாக்கி இருக்காருங்க முதலாளி. அவரு நாளைக்குத்தான் வருவாராம்.”

“அதான் ஓடுதுல்ல? எதுனால நின்னுச்சாம்?”

“தூசிங்க” என்றார் பாய், ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே.

“தூசியா? ஆபீஸக் கூட்டுறது யாருய்யா?” முதலாளியின் மூக்கு மறுபடி விடைத்தது. பழி வேறு யார் மேலோ விழப்போகிறதே என்று செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

“உள்தூசி இல்லீங்க, இது ரோட்டுத் தூசி” என்றார் கமிஷன் பவ்வியமாக. “லாரி கெளப்புற தூசி. விசாரிச்ச வரைக்கும் எல்லாம் நம்ம லாரிதாங்க. நீங்க சொன்னா ஒவ்வொரு வண்டியா நிறுத்தி...”

முதலாளி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். “சாமி, ஆள விடுய்யா! போயி எல்லாருக்கும் டீ சொல்லு.”

செல்வி துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மானிட்டரைத் துடைக்கிற மாதிரி அவளை மறைத்து நின்றேன்.

அன்று பெரம்பலூர் பஸ்ஸில் கமிஷனும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், சந்தனம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“காலையில வந்ததுமே தெரியும் தம்பி. கண்ணு இல்லியா எனக்கு?”

“அப்புறம் எதுக்கு சார் நாள் பூரா விசாரணை?”

“விசாரிக்கிறதுதான் நம்ம வேலை. கண்டுபிடிக்கிறது இல்ல” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அவரு நல்ல மனுசந்தான். கோவம் மட்டும் மத்தியானச் சோத்தத் தாண்டாது. அதுவரைக்கும் நாம எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கணும்” என்று சொன்னார்.

கமிஷன்கள் எதற்காகப் போடப்படுகின்றன என்று வருஷக்கணக்காகப் பேப்பர் படித்தும் எனக்கு விளங்கியதில்லை. ஜனங்களின் கோபம் ஆறட்டும் என்றுதான் போடுகிறார்கள் என்பது அந்த பஸ்ஸில் விளங்கியது. அதே வித்தையை மீன்சுருட்டியில் ஒரு வீட்டு அடுப்பு அணையாமல் இருப்பதற்காகச் செய்துகாட்டிய கமிஷன், எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். டீக்கடையில் அவரைச் சொல்லிச் சிரிப்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

செல்வி இப்போதும் அதே ஆபீஸில்தான் பில் போடுகிறாள். கமிஷன் வேலையை விட்டுவிட்டு, வரதராஜன்பேட்டையில் மகன் வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டு மருமகள் கைதவறி மிக்ஸி ஜாரைக் கீழே போட்டுவிட்டால், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெண் கொடுத்துவைத்தவள்.