குரல் போன மாப்பிள்ளையும் டேட்டா போன போனும்

மகா கனம் பொருந்திய என் மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டு இன்றுவரை உயிரோடிருக்கும் உன் மாமா எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம், உன் அக்கா கோபம். அவ்விடத்துச் சுகத்தை விசாரித்தால் நீ வாய் திறந்து பதில் சொல்லக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டிருப்பதால் விசாரிக்கவில்லை. காய்கறி மார்க்கெட்டில் ஆயுசு பூராவும் ஏலம் கூவிக் கூவித் தொண்டையில் ஒரு முடிச்சை வளர்த்து, அதை ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டு, இப்போது மௌன சாமியாராக உட்கார்ந்திருக்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் தன் குரல் தனக்கே காதில் விழுகிறது என்று என் தங்கச்சி, அதாவது உன் பெண்சாதி, யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நீ வீடியோவில் வருவாய், உன் அக்கா பேசுவாள், நீ தலையை ஆட்டுவாய். ஒரு வாரமா அது நின்னு போச்சு. எங்க போன்ல நெட் இல்லை மாப்பிள்ளை, அவ்வளவுதான் சங்கதி. ஆனா உன் அக்காகிட்ட அதைச் சொல்லிப் பாரு. முதல் நாள் தலையை வாரிப் பொட்டு வெச்சு போன் முன்னாடி உக்காந்தா, நீ வரலை. ரெண்டாவது நாளும் உக்காந்தா. மூணாவது நாள் தலையே வாரலை. தங்கச்சி சாதாக் கால்ல கூப்பிட்டு, அண்ணி, அவர் நல்லாத்தான் இருக்கார், கஞ்சி குடிச்சார், உங்க போன்தான் எடுக்க மாட்டேங்குதுன்னு எவ்வளவோ சொன்னா. இவ போனை வெச்சுட்டு என்னைப் பாத்து, "நல்லா இருக்கான்னு சொல்றதுக்கு எதுக்குங்க அவ்வளவு மெதுவாப் பேசறா? என்னத்தையோ மறைக்கறாங்க. என் தம்பி முகத்தைக் காட்டச் சொல்லுங்க, அப்ப நம்பறேன்"ன்னா. அதோட பேச்சை நிறுத்திட்டா. அங்க நீ பேசக் கூடாது, இங்க இவ பேச மாட்டா. நடுவுல நான் ஒருத்தன் செவுத்தோட பேசிக்கிட்டிருக்கேன்.

சரி, நாப்பது வருஷம் குழாய் வேலை பாத்தவன், எத்தனை வீட்ல தண்ணி வராத குழாயை வர வெச்சவன், இந்த உள்ளங்கை அகல டப்பாவை ஒரு கை பாத்துடலாம்னு இறங்கினேன். முதல்ல கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு என்னைக் கொஞ்ச நேரம் வேலை வாங்கிட்டு, அப்புறம் ஒரு பொண்ணு தேன் மாதிரி பேசினா. டேட்டா ஆன்ல இருக்கா சார்னு கேட்டா. போனே ஆன்லதானேம்மா இருக்கு, இல்லேன்னா உன்கிட்ட எப்படிப் பேசறேன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அதைப் பத்திக் கேக்கவே இல்லை. ஃபிளைட் மோடு போட்டு எடுங்க சார்னா. போட்டேன், அவளே பறந்து போயிட்டா. மறுபடி ஒண்ணு ரெண்டு அமுக்கிப் போனா வேற ஒரு ஆள், சிம்மைக் கழட்டித் துடைச்சுப் போடச் சொன்னார். உன் அக்காவோட ஊக்கை வாங்கி, இல்லை, அவதான் பேச மாட்டாளே, டப்பாவுலேர்ந்து நானே எடுத்துக் குத்தினேன், சிம் துள்ளிக் குதிச்சு பீரோவுக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு. தரையில படுத்துக் கையை விட்டேன். சிம் வந்துச்சு, நான் வரலை. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. உன் அக்கா வந்து பாத்தா. தலகாணியைக் கொண்டாந்து என் தலைக்கடியில வெச்சுட்டு, வேலையைப் பாக்கப் போயிட்டா. கோபத்துலயும் அவ எனக்கு மெத்தை போடறவ, அதை நீ குறிச்சு வெச்சுக்கோ.

சிம் சுத்தமா இருக்கு, நெட் மட்டும் இல்லை. டவர் எட்டலையோன்னு மொட்டை மாடிக்குப் போயி, தண்ணித் தொட்டி மேல ஏறி, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் துணி உலத்தற கம்பு நுனியில பையைக் கட்டி, பைக்குள்ள போனைப் போட்டு இன்னும் மேல தூக்கினேன். மேல் வீட்டுல குடியிருக்கற நர்ஸம்மா வேலை முடிஞ்சு வந்தவங்க, மீன் பிடிக்கிறீங்களா பெரியவரேன்னு கேட்டாங்க. காக்காய்க்குப் படம் காட்டறேன்மான்னேன். நல்ல மனுஷி, என் போன்ல பேசிக்கோங்களேன்னு நீட்டினாங்க. கீழ வந்து நான் அதைச் சொன்னா, உன் அக்கா, "அடுத்தவங்க போனைப் பிடிச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நின்னு நான் அழணுமா?"ன்னுட்டா. பேச்சை நிறுத்தினதுக்கு அப்புறம் அவ பேசின பேச்சுல அதுதான் பெருசு. அவ நினைப்பு எங்க போயிருக்குன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது மாப்பிள்ளை. உன்னைப் பாத்தா அழற மாதிரிதான் இருக்கும்னு முடிவே கட்டிட்டா.

அதனால முந்தாநாள் காலையில பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா ஒரு கையில டீயைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால என் போனை ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா, இந்தாங்கன்னு குடுத்துட்டா. நெட் கொட்டுது. என்னம்மா பண்ணினேன்னு கேக்கலாம்னா, பின்னாடி எட்டுப் பேர் நிக்கறாங்க, என் மரியாதை என்ன ஆறது? நீ நாலு மணி நாலு மணிக்கு விட்ட அழைப்பெல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி வரிசையா வந்து விழுந்துச்சு. அங்கேயே நின்னு உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தே. கழுத்துல துண்டும், நாலு நாள் தாடியுமா, தண்டனை முடிஞ்சு வந்த ஆள் மாதிரி இருந்தே. கையைத் தூக்கி எனக்கு ஒரு சல்யூட் அடிச்சே. அதைப் பாத்து நான் ஏதோ கிண்டல் பண்ணினேன்ல, என்ன கிண்டல்னு ஞாபகம் இல்லை. அந்த நேரத்துக்குக் கண்ணுல ஏதோ தூசி.

வீட்டுக்கு ஓடி வந்து, உன் தம்பியைப் பாத்தேன், கல்லு மாதிரி இருக்கான்னு சொன்னேன். "மக வந்து வாசல்ல நிக்கறான்னு சொல்லி எத்தனை தடவை என்னை எழுப்பி விட்டிருக்கீங்க?"ன்னு கேட்டுட்டு அரிசி களையப் போயிட்டா. நியாயம்தான். புலி வருது புலி வருதுன்னு விளையாடினவன் வாயில நிஜப் புலி வந்தா யார் நம்புவா? சரி, இப்பவே போட்டுக் காட்டறேன்னு போனை எடுத்தா, கையைப் பிடிச்சுட்டா. அவன் மாத்திரை போட்டுத் தூங்கற நேரம், எழுப்பாதீங்க, நெட்டுதான் வந்துடுச்சுன்னு சொல்றீங்களே, நாலு மணிக்கு அவனே வரட்டும்னா. சாப்பிட்டேன், வழக்கம்போல ஒரு தூக்கம் போட்டேன், எழுந்தேன். நாலு மணிக்கு ரெண்டு பேரும் உக்காந்தோம். வரலை. நெட்டு செத்துக் கிடக்கு. அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே, திட்டியிருந்தா தேவலை. நேத்தும் அதே கதை. செல் கடைக்குப் போனா உயிர் வருது, வழியெல்லாம் உயிரோட இருக்கு, வீட்டுல சோறு தின்னு ஒரு தூக்கம் போட்டு எழுந்தா பொணம். நான் தூங்கறப்ப போனும் தூங்கப் போயிடுது போல. ஆகக்கூடி, கோளாறு போன்ல இல்லை, வீட்டுலதான், இந்தச் செவுத்துல ஏதோ நெட்டைக் குடிக்குதுன்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன்.

அதனால மாப்பிள்ளை, உன்கிட்ட ஒரு உதவி. இந்தக் கடிதம் கிடைச்ச அன்னைக்கே, அன்னைய பேப்பரைத் தேதி தெரியற மாதிரி நெஞ்சுல பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து, பிரிண்டு போட்டுத் தபால்ல அனுப்பு. உன்னை யாரோ கடத்திட்டுப் போய் பணம் கேக்கற மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை, உன்னைக் கடத்தறவன் நாலு நாள்ல அவனே காசு குடுத்துத் திருப்பி விட்டுடுவான். பின்னாடி உன் கையால நாலு வரி எழுது. மூக்கும் முழியும் தெளிவா விழட்டும். சிரிச்ச முகமா இருக்கணும். உன் அக்கா ராத்திரி ஒரு தோசைக்கு மேல தொடறதில்லை, அதுவும் நான் பாத்தாத்தான்.

என் தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, ஆனா அவளுக்குக் குடுத்ததுல மிச்சம். தொண்டை ஆறட்டும், சத்தம் திரும்பட்டும், நீ பழையபடி கத்தி என் காது செவிடாகட்டும்.

இப்படிக்கு,
உன்னால் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்
அக்கா புருஷன்

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு. போட்டோ வேண்டாம், பேப்பரும் வேண்டாம். நேத்து சாயங்காலம் வீடியோவுல நடந்தது உனக்கே தெரியும். தெரியாததைச் சொல்றேன். போன்ல சொன்னா அவ பக்கத்துல இருப்பா, அதனாலதான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காம அனுப்பறேன்.

இதை எழுதறதுக்காக நேத்து மத்தியானம் நான் தூங்கலை. கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்து, தலகாணி மறைவுல எழுதிக்கிட்டிருந்தேன். நான் தூங்கிட்டேன்னு நினைச்சு உன் அக்கா மெதுவா வந்தா. காலையில நான் செல் கடையில உயிர் குடுத்துக் கொண்டாந்த போனை எடுத்து முந்தானையால துடைச்சா. மேலேர்ந்து விரலால இழுத்து ஒரு இடத்துல தட்டினா, திரும்ப அதே இடத்துல வெச்சா. எழுந்து உக்காந்து, என்னம்மா பண்றேன்னு கேட்டேன். திருடும்போது பிடிபட்ட மாதிரி ஆயிட்டா. ஒரு வாரத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம், இன்னைய டேட்டா பாதி தீந்துடுச்சுன்னு ஒரு மெசேஜ் வந்துச்சாம். "நீங்க பொழுதன்னைக்கும் அந்தக் குரங்கு வீடியோவைப் பாத்துத் தீத்துடறீங்க. என் தம்பி வர்ற நேரத்துல இல்லாமப் போச்சுன்னா? அதான் நீங்க தூங்கினதும் டேட்டாவை மூடி மூடிச் சேத்து வெக்கிறேன். அவன் கூப்பிட்டா மணி அடிக்கும்ல, அப்பத் திறந்துக்கலாம்னு இருந்தேன்"ன்னா. மூடி வெச்சா மணி எப்படிடி அடிக்கும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நாப்பது வருஷம் குழாய்க்காரன், வால்வு மூடியிருக்கான்னு பாக்காம தொட்டி மேல ஏறினவன், நான் என்ன கேக்கறது?

உன் முகத்தைப் பாக்கறதுக்குன்னு சேத்து வெச்சவளுக்கு, அந்தச் சேமிப்புதான் உன் முகத்தை ஒரு வாரம் மறைச்சுதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா மாப்பிள்ளை. அதனால ஒண்ணும் சொல்லலை. முகம் கழுவிட்டு வா, டவர் சரியாயிருக்கும்னு அனுப்பிட்டு, நைசாத் திறந்து வெச்சேன். நாலு மணிக்கு நீ வந்தே. இவ்வளவு நாள் ஏன் வரலைன்னு அவ உன்னைக் கேட்டப்ப, நான்தான் ஃபிளைட் மோடுல போட்டுத் தொலைச்சேன்னு நடுவுல புகுந்து சொன்னேன்ல, உன் முன்னாடியே அவ என்னைத் திட்டித் தீத்தாளே, நீ கூடச் சத்தமில்லாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஆடினியே, அது அத்தனையும் பொய். நீயும் அதையே நம்பின மாதிரி இரு. தங்கச்சிகிட்டயும் மூச்சு விடாதே. உனக்குத்தான் இப்போ பேச்சு இல்லையே, ரகசியம் காக்க உன்னை விட்டா ஆள் கிடையாது.

நீ போன பிறகு ரெண்டு தோசை சாப்பிட்டா. படுக்கறதுக்கு முன்னாடி போனை எடுத்து மறுபடி மூடினா. ஒவ்வொரு நாள் டேட்டாவும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு அழிஞ்சுடும், சேக்கவே முடியாதுன்னு முன்ன ஒரு தடவை ரீசார்ஜ் பண்றப்ப செல் கடைக்காரம்மா எனக்குச் சொல்லியிருக்கா. இவ போனைத் தடவிக் குடுத்துட்டு, "நாளைக்கு அவனுக்கு நிறைய இருக்கும்"ன்னா. ஆமா, ரொம்ப நிறைய இருக்கும்னேன். நீ வழக்கம்போல நாலு மணிக்கே கூப்பிடு. மூணே முக்காலுக்கு எழுந்து நான் திறந்து வெச்சிடறேன்.