கும்பளங்கிக் கல்லறையில் ஒரு சின்னம்மா

சின்னம்மா என்பது பேரா, உறவா? கொச்சிக்குப் பக்கத்துக் கும்பளங்கியில் ஒரு கல்லறையின் முன் நின்ற நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

என்னை அங்கே கொண்டுபோனவர் ஆட்டோ சேச்சி. மட்டாஞ்சேரியில் அவர் ஆட்டோவில் அந்நியராக ஏறிய எல்லாரும் யாருக்காவது சொந்தமாகித்தான் இறங்கியிருக்கிறார்கள். மீட்டரைப் போடுமுன்பே "ஏது வீடு?" என்று குடும்பத்தை விசாரிப்பார். அரிசிக் கிட்டங்கிப் பக்கம் லாரி மறித்துக்கொண்டால் போதும், வழி கிடைப்பதற்குள் உங்கள் கொள்ளுத்தாத்தாவரை போய்விடுவார். ஒருமுறை பின்சீட்டில் சண்டை போட்ட இரண்டு பேரை மாமன் மச்சான் என்று நிரூபித்து இறக்கிவிட்டார். என் மகளை ஸ்கூலில் கொண்டுவிடுபவரும் அவர்தான். தாமதமாகிவிடுமோ என்று தினமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வரணும் மோளே. ஒரு தமிழ் எழுத்து வாசிக்கணும்" என்றார். நான் மகளுக்குச் சீருடை போட்டு, சாப்பாடும் கட்டிக்கொண்டேன். இங்கே பள்ளி என்றால் தேவாலயம் என்பது கும்பளங்கியில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

சேச்சியுடைய அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் கேட்பாரில்லாத கல்லறை ஒன்று. சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் எலும்புகளைப் பொதுக்குழியில் போட்டுவிட்டு, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். கல்லில் இருப்பது தமிழ். சேச்சி தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. காய்கறிக்கடை அண்ணன் ஒருவர், சேச்சி எடுத்திருந்த கல்லின் போட்டோவைப் பார்த்து "சின்னம்மா" என்று வாசித்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சின்னம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள். சேச்சி ஒரு வீடு விடவில்லை. ஒரு வீட்டில் சின்னம்மாவே கதவைத் திறந்து, "நான் இன்னும் மரிச்சிட்டில்ல கேட்டோ" என்று சாயா கொடுத்து அனுப்பினாராம்.

பாசியைத் துடைத்து வாசித்தேன். 'எங்கள் சின்னம்மா.' வேறு எதுவும் இல்லை.

"சேச்சி, இது பேரே இல்ல போலிருக்கே. அம்மாவோட தங்கச்சி, நீங்க அனியத்திங்கறீங்களே, அவங்களத்தான் நாங்க சின்னம்மான்னு கூப்பிடுவோம்."

சேச்சி தலையில் கை வைத்தார். "அய்யோ, அப்போ அக்கா பிள்ளைங்க வெச்ச கல்லா? பேருகூட எழுதாம போயிட்டாங்களே, கள்ளப் பசங்க!"

சொன்ன உடனே எனக்குச் சந்தேகம். பேராகவும் இருக்கலாமே? வாயைத் திறந்திருக்கக்கூடாதோ? அதற்குள் சேச்சி, கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் கபியாரிடம் போய்விட்டார்.

"அது எனக்கு சின்னம்மா. எடுக்கக் கூடாது."

கபியார் சிரித்தார். "சேச்சியோட அம்மைக்கு அனியத்தியே இல்லையே?"

"யாரு சொன்னா? இத்தன வருஷமா எங்கம்மை பக்கத்துலதானே கெடக்கறா! அனியத்தி இல்லாம வேற யாரு?"

கபியார் இரண்டு கல்லறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தேடிய சொந்தம் கிடைக்காததால் தானே சொந்தமாகிவிட்ட ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த கல்லறைத் திருநாள்வரை விட்டுவைப்பதாகக் கபியார் ஒத்துக்கொண்டார்.

அதனால் கேட்கிறேன். கொச்சிக்குப் போய்த் திரும்பாத சின்னம்மா ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டில் பேச்சு உண்டா? பேரே தெரியாதவரை எந்த ஊரில் தேடத் தொடங்குவது, யாரைக் கேட்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அந்தச் சொந்தக்காரர்கள் நீங்களே என்றால், அவசியம் வாருங்கள். சேச்சியைப் பார்த்து, நீ அக்காள் மகள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.